எண்ணி என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். "கோர்ட் தாமதத்துக்கு யார் காரணம் என்று முடிவுகட்டும் முன் வாய்தாக்களை எண்ணிப் பாருங்கள்" என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்பா விட்டுச்சென்ற நான்கு சென்ட் மனைக்காக என் அம்மா ஒன்பது ஆண்டுகளாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார். கருவாடு விற்றுப் பிழைப்பவர். வாய்தா நாளில் வியாபாரம் கிடையாது. விடியற்காலையில் பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போவார்; பொழுது சாயும்போது திரும்புவார். என்ன ஆயிற்று என்று கேட்டால் அடுத்த தேதியை மட்டும் சொல்வார். எதிர்த்தரப்பு பல ஊர்களில் மனை வாங்கி விற்பவர். அவரை நாங்கள் கோர்ட்டில் பார்த்ததே இல்லை. போய்வந்த பஸ் டிக்கெட்டுகளை எல்லாம் அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார். எதற்கென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இதை எண்ணச் சொல்கிறீர்களா? எண்ணி என்ன ஆகப்போகிறது? நீதி மனச்சாட்சியின் காரியம் இல்லையா? அதில் புள்ளிவிவரத்துக்கு என்ன வேலை?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஆம், அந்த மஞ்சள் பையைத்தான் எண்ணச் சொல்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தைப் பற்றி இந்தக் கடற்கரையில் யாரிடமும் இல்லாத ஒன்று உங்கள் அம்மாவிடம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் உங்களுக்கு ஆறுதல் மட்டும் எழுதி அனுப்ப என்னால் முடியவில்லை.

என் தகப்பனார் காலத்து வழக்கு ஒன்று. வாலிநோக்கம் பக்கத்தில் எங்கள் பனங்காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்தார். அப்பா வழக்குப் போட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வந்த பிறகு ஒரு நோட்டில் தேதியையும் நடந்ததையும் ஒரே வரியில் எழுதிவைப்பார். "ஜட்ஜ் லீவு." "நம்ம வக்கீல் அவகாசம்." "கமிஷனர் ரிப்போர்ட் வரவில்லை." எதிராளி இழுத்தடித்துத்தான் எங்களைக் கெடுத்தார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம், அந்தக் குடும்பத்தோடு நல்லது கெட்டதுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டோம். அப்பா போன பிறகு அந்த நோட்டை எடுத்து ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். 61 வாய்தா. எதிராளி கேட்டு வாங்கியவை 9. எங்கள் தரப்பு கேட்டு வாங்கியவை 11. மற்றவற்றில் பெரும்பகுதி இரண்டே காரணங்கள்: நிலத்தை அளந்துவர நியமிக்கப்பட்ட அட்வகேட் கமிஷனரின் அறிக்கைக்காகக் காத்திருந்தது, நீதிபதி மாற்றலாகிப் போய் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. சாட்சிக் கூண்டில் யாராவது ஏறிய நாட்கள் நான்கு. எண்ணி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில் அந்த எதிராளியின் மகனைப் பார்த்தபோது நானாகப் போய்ப் பேசினேன்.

ஒரு குடும்பத்தின் நோட்டு ஒரு குடும்பத்தின் கதைதான். அதைக் கொண்டு எல்லா நீதிமன்றங்களையும் அளக்க முடியாது. அதனால்தான் பல்லாயிரம் பேரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த தக்ஷ் என்ற அமைப்பு 2015-16 இல் 24 மாநிலங்களில் 9,329 வழக்காடிகளை நீதிமன்ற வாசலிலேயே நிறுத்திக் கேட்டது. உரிமையியல் வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம், மனை, சொத்து. உங்கள் நான்கு சென்ட்டும் எங்கள் பனங்காட்டுப் பாதையும் அந்த மூட்டைக்குள்தான் வருகின்றன. இந்த வழக்குகளில் ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒருவருக்கு அன்று ஆன செலவு சராசரியாக 497 ரூபாய். அன்றைய பிழைப்பு போனதால் வந்த நட்டம் 844 ரூபாய். செலவைவிட நட்டம் பெரிது என்பதைக் கவனியுங்கள். கோர்ட் கட்டணம், வக்கீல் கட்டணம் என்று நாம் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஏழையின் பெரிய செலவு எந்த ரசீதிலும் ஏறாமல் இருந்திருக்கிறது. உங்கள் அம்மாவின் விற்காத கருவாட்டுக் கூடை அந்த 844 ரூபாய்க்குள் இருக்கிறது. யாரோ மெனக்கெட்டுப் போய்க் கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

நம் ராமநாதபுரம் சீமையின் பெயர் சட்டப் புத்தகங்களில் இல்லாமல் இல்லை. சேதுபதி சமஸ்தானத்தின் தத்து வழக்கு, அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1868 இல் முடிந்தது. கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை ராணி செய்த தத்து செல்லும் என்றார்கள். பக்கத்துச் சிவகங்கையில் ஜமீன்தார் 1829 இல் இறந்தார்; அந்த வாரிசுச் சண்டையில் பிரிவி கவுன்சிலின் புகழ்பெற்ற தீர்ப்பு 1863 இல் வந்தது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் இரண்டையும் படிக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் இந்தக் கரையில் முத்துக் குளித்தவனும் சங்கு எடுத்தவனும் உப்பு வாரியவனும் எந்தக் கோர்ட்டுக்குப் போனார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை நாள் நின்றார்கள் என்று எந்தத் தீர்ப்புத் திரட்டும் சொல்லாது. தீர்ப்புத் திரட்டுகளில் ஏறுபவை பெரும்பாலும் மேல்முறையீட்டு வழக்குகள். கீழ்நிலை சிவில் கோர்ட்டான முன்சீப் கோர்ட்டிலேயே தொடங்கி அங்கேயே சோர்ந்து முடிந்துபோகும் வழக்கு அச்சேறுவதில்லை. அச்சேறியதை மட்டும் படித்துவிட்டு இதுதான் நீதிமன்றம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

1868 தீர்ப்பில் ஒரு கருத்து உண்டு: தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம், எழுதிவைத்த நூலை விஞ்சி நிற்கும். தமிழில் வழக்கம், வழக்கு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. எதிராளி தன் எழுத்துப் பதிலான எதிருரையை 30 நாளில் தாக்கல் செய்ய வேண்டும், காரணம் காட்டினால் 90 நாள் என்கிறது. 2002 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் இவற்றை இறுக்கிக் கட்டின. அவற்றை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. திருத்தங்கள் செல்லும் என்று 2002 இலேயே தீர்ப்பு வந்தது; அதே வழக்கில் 2005 இல் வந்த தீர்ப்பு, 90 நாள் என்பது கட்டாயக் கெடு அல்ல, தக்க காரணம் இருந்தால் நீட்டலாம் என்றும், சுனாமி போன்ற கைமீறிய நிலைகளில் மூன்று வாய்தா என்ற எல்லையையும் தாண்டலாம் என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தில் எனக்குக் குறை இல்லை. சுனாமிக்கு மறுநாள் கோர்ட்டுக்கு வா என்று எந்த மீனவரிடம் சொல்ல முடியும்? ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு ஊரிலும் எது விதிவிலக்கு, எது விதி என்று யாராவது எண்ணிச் சொன்னால்தானே தெரியும்? புத்தகத்தில் நிற்கும் எண் மூன்று. உங்கள் பையில் இருக்கும் எண் என்ன?

நீதி மனச்சாட்சியின் காரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பு எழுதும் நேரத்தில் அது முழு உண்மை. ஆனால் உங்கள் அம்மாவை ஒன்பது ஆண்டு நடக்கவிட்டது எவருடைய கெட்ட மனச்சாட்சியும் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த நீதிபதியும் நல்லவராக இருக்கலாம், குமாஸ்தாவும் நல்லவராக இருக்கலாம். நல்லவர்கள் கூடியிருக்கும் இடத்திலும் நாட்கள் வீணாகும். எந்த நாள் எதனால் வீணாயிற்று என்று மனச்சாட்சியைக் கேட்டால் பதில் வராது.

பெரியபுராணத்தில் வெண்ணெய்நல்லூர் அவையில், சுந்தரர் தன் அடிமை என்று வழக்காட வந்த கிழவேதியரிடம் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. இன்றைக்கும் சிவில் கோர்ட் இதையேதான் கேட்கிறது. பட்டா எங்கே, பத்திரம் எங்கே, அனுபவம் யாரிடம், சாட்சி யார்? வாசலுக்கு வருபவரிடம் இத்தனை ஆதாரம் கேட்கும் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் ஓர் ஆதாரமும் இல்லாமல் பேசுகிறோம். "வக்கீல்கள்தான் காரணம்", "ஜட்ஜ் போதாது", "ஜனங்கள் பொய் வழக்குப் போடுகிறார்கள்." நானும் இப்படிப் பேசியவன்தான். அதற்காக வருந்துகிறேன்.

எதிர்த்தரப்பு மனை வாங்கி விற்பவர், நேரில் வருவதே இல்லை என்கிறீர்கள். மார்க் கேலண்டர் என்ற அமெரிக்கச் சட்ட ஆய்வாளர் 1974 இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வழக்காட வருபவரும், தொழிலாகவே திரும்பத் திரும்ப வருபவரும் ஒரே கோர்ட்டில் நின்றாலும் சமமானவர்கள் இல்லை. பின்னவருக்கு இந்த வழக்கு போனால் அடுத்த வழக்கு இருக்கிறது. காத்திருப்பது அவருக்குச் சுலபம். உங்கள் அம்மாவுக்கு இந்த நான்கு சென்ட்தான் இருக்கிறது.

எண்களை நான் கும்பிடவில்லை. 2015 முதல் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கும் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு நிலுவையையும் முடிந்ததையும் காட்டும். முடிந்தது என்ற சொல்லுக்குள் முழு விசாரணை நடந்து தீர்ந்த வழக்கும் இருக்கும். வர முடியாமல் நின்றுபோன ஒருவரின் தள்ளுபடியும் இருக்கும். வேகம் மட்டும் நீதியாகிவிடாது. மதுரையில் பாண்டியன் ஒரே சொல்லில் வழக்கை முடித்ததால்தான் கண்ணகி சிலம்போடு வந்து நின்றாள். அதுபோலவே, கோர்ட் படி ஏறாதவர்கள் எந்தத் தொகுப்பிலும் வரமாட்டார்கள். நம் கரையில் வலை அறுந்த தகராறும் படகுப் பங்குத் தகராறும் ஊர்க் கூட்டத்திலோ ஜமாஅத்திலோ பேசித் தீர்க்கப்படுகின்றன. அங்கே பெண்களின் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்பதையும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

எண்ணி என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் வழக்காடியின் தொல்லை அவன் டிக்ரி வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872 இல் வருந்தியது. அதை மேற்கோள் காட்டாத தலைமுறை இல்லை. 2021 இல் உச்ச நீதிமன்றம், வாங்கிய டிக்ரியை நடப்புக்குக் கொண்டுவரக் கேட்கும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில், 1986 இல் தொடுத்த ஒரு தமிழ்நாட்டு வழக்கை விசாரித்து முடிக்கும்போது, எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் இந்த மனுக்களின் கணக்குக் கேட்டது. வந்த கணக்கில் நிலுவை 8.82 லட்சம். தீர்ப்பில் வென்றும் கைக்கு எதுவும் வராதவர்கள். அந்த எண்ணைப் பார்த்து நீதிபதிகளே மிகவும் ஏமாற்றமளிப்பதாகச் சொன்னார்கள். கணக்குக் கேட்ட ஆறு மாதத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் முடிக்கப்பட்டன. எப்படி முடிந்தன என்று இனி ஒருவர் பார்க்க வேண்டும். ஆனாலும் 1872 முதல் வருத்தத்தால் ஆகாதது கேள்வியால் அசைந்தது.

இப்போது உங்கள் அம்மாவின் காரியம். வழக்குக்கு, எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சிஎன்ஆர் என்ற அடையாள எண் ஒன்று இருக்கும், வக்கீலிடம் கேளுங்கள். ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதை இட்டால் ஒவ்வொரு தேதியிலும் எதற்காக வழக்கு வைக்கப்பட்டது என்று வரும். ஒரு நோட்டில் இடப்பக்கம் அதை எழுதுங்கள். வலப்பக்கம் அம்மாவிடம் கேட்டு அன்று நடந்ததை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு அழைத்தார்கள், யார் வரவில்லை, யார் அவகாசம் கேட்டார். வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். வீணான நாட்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் என்றால், விரைந்து விசாரிக்கக் கேட்டு மனுப் போடும்போது அந்த நோட்டு உங்கள் வக்கீலுக்குப் பயன்படும். இன்னொன்று: 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்பதாலேயே அம்மாவுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சமரசம் பேசித் தீர்க்கும் லோக் அதாலத்துக்கு அழைத்தால் போகலாம். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனம் ஒப்பாவிட்டால் மறுத்துவிட்டு வர அவருக்கு உரிமை உண்டு.

பையில் பழைய டிக்கெட்டுகளில் மை மங்கிப்போயிருக்கும். அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். தேதியை அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

அன்புடன்.