ஆசிரியர் தினத்துக்கு வீட்டுக்கு 200 ரூபாய் வசூலிப்பது பற்றி

நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதாகவும், செப்டம்பர் 5 அன்று ஆசிரியர்களுக்குப் பரிசு வாங்க வீட்டுக்கு 200 ரூபாய் கேட்டதில் சிலர் முகம் சுளித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். முகம் சுளித்தவர்கள் பக்கம்தான் நான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு 200 ரூபாய் சின்னத் தொகை இல்லை. கொடுக்காதவர் பிள்ளை வகுப்பில் கூசிப்போய் உட்கார்ந்திருக்கும். அதோடு, அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. தலைமையாசிரியரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பணமே திரட்டவில்லை. குழுக் கூட்டத்தில் ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டு, பதிவேட்டில் எழுதி, நகலைக் கையில் கொடுத்தோம். 'சிறப்பான பணி' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை, எழுத்துக்கூட்டவே திணறிய நான்கு பிள்ளைகளை மாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்து வாசிக்கச் செய்தார். அதை அப்படியே எழுதினோம்.

இன்னொன்று, ஆசிரியர்களோடு நிறுத்திவிடாதீர்கள். 2023இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, விடியும் முன்பே அடுப்பு மூட்டுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். சத்துணவுச் சமையலர், கழிப்பறை கழுவுகிறவர் எல்லோரையும் சேருங்கள். எங்கள் சமையல் அம்மாவுக்குப் பிள்ளைகள் நோட்டுத்தாளில் கடிதம் எழுதினார்கள். 'கிச்சடியில் மிளகாயைக் குறைத்ததற்கு நன்றி' என்றிருந்தான் ஒருவன். அந்தத் தாள் இன்றும் பருப்பு டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது, மஞ்சள் விரல் தடத்தோடு.

வசூலித்ததை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தீர்மானத்தில் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுங்கள். நாங்கள் ஒருவரின் தலைப்பெழுத்தை மாற்றிப் போட்டு அசடு வழிந்தோம்.