ராஜராஜன் காலத் தஞ்சாவூரில் போய் விழுந்தால் என்ன பேசுவது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுகிறேன். இந்தக் காலத்துப் பையன் ஒருவன் 1010-ஆம் ஆண்டுத் தஞ்சாவூரில் போய் விழுகிறான். அவன் பேச்சு அவர்களுக்குப் புரியுமா? எல்லோரையும் செந்தமிழில் பேசவைத்திருக்கிறேன், சரிதானா? அவன் எங்கெங்கே மாட்டிக்கொள்வான்?”

முதலில் அந்தச் செந்தமிழை அடித்துவிடுங்கள். பையன் வீட்டில் அம்மாவிடம் பேசுகிற தமிழ்தான் அங்கே கை கொடுக்கும். சாட்சி பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. ராஜராஜனின் உத்தரவு அது: “நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி... நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக.” ‘எடுப்பித்த’ இல்லை, ‘எடுப்பிச்ச’. படித்த என்பதை நாம் ‘படிச்ச’ என்போமே, அதே மாற்றம். ‘கொடுத்த’ இல்லை, ‘குடுத்த’. இன்றைக்குப் பையன் பரீட்சைத்தாளில் ‘குடுத்தான்’ என்று எழுதினால் சிவப்பு மை விழும். மாமன்னன் சொன்னது கல்லில் அப்படியே நிற்கிறது. யாண்டு, அதாவது ஆட்சியாண்டு, எழுதும்போதும் ‘இருபத்தைஞ்சாவது’தான், ‘இருபத்தைந்தாவது’ அல்ல. எனவே நாடகத்தில் ராஜராஜன் ‘குடுத்தோம்’ என்று சொல்லட்டும். தமிழ் வாத்தியார் ஆட்சேபித்தால் கல்வெட்டைக் காட்டுங்கள்.

அந்த வரியில் வரும் ‘அக்கன்’ ராஜராஜனின் தமக்கை குந்தவை. ‘நம் பெண்டுகள்’ என்பது அரசியர். இன்று ஒருவர் மனைவியைப் ‘பெண்டு’ என்றால் சண்டை வரும்; அன்று அரசனே சொன்ன சொல்.

வினைச்சொல்லும் வேற்றுமை உருபும் ஓரளவு தாங்கும் என்றால், கவிழ்ப்பவை பொருள்களின் பெயர்கள். பையன் இப்படி ஒரு வாக்கியம் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “ஜன்னல் கிட்ட மேஜை மேல சாவி இருக்கு, பாக்கி ரூபாயை வசூல் பண்ணிட்டு வர்றேன்.” ஜன்னல், மேஜை, சாவி மூன்றும் போர்த்துக்கீசியர் வழி வந்தவை, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498-ல்தான். பாக்கி, வசூல் இரண்டும் அரபு வேர்ச்சொற்கள், கச்சேரி, ஜில்லா, தாலுகா எல்லாம் வந்த ஆட்சி வழியில் பிறகு வந்தவை. ரூபாய் என்ற நாணயம் ஷேர் ஷா காலம், 16-ஆம் நூற்றாண்டு. இவற்றை எடுத்துவிட்டால் எதிரே நிற்பவர் காதில் விழுவது: “கிட்ட... மேல... இருக்கு, பண்ணிட்டு வர்றேன்.” ஏதோ எங்கோ இருக்கிறது, இவன் எதையோ செய்துவிட்டு வரப்போகிறான், அவ்வளவுதான். நாடகத்தில் சிரிப்பு இங்கேதான் கிடைக்கும். ஜன்னலுக்குச் சாளரம், சாவிக்குத் திறவுகோல் என்று இரண்டு சொல்லைப் பையன் போகப்போகக் கற்றுக்கொள்ளட்டும். மேஜைக்குச் சொல் தேட வேண்டாம், தரையில் உட்காரச் சொல்லிவிடுங்கள்.

சொல் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறியிருந்தால் ஆபத்து அதிகம், ஏனென்றால் இருவருக்கும் புரிந்ததுபோலவே இருக்கும். “உங்க நாடு எது?” என்று பையன் கேட்டால் ‘சோழநாடு’ என்று பதில் வரும் என எழுதியிருப்பீர்கள். அன்றைய வழக்கில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரமும்தான். அதையே சில இடங்களில் ‘கூற்றம்’ என்பார்கள்; தஞ்சாவூரே ‘தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்’. ‘நகரம்’ என்றால் வணிகர் ஊரும் அவர்கள் அவையும். ‘சேரி’ என்பது ஊரில் ஒரு குடியிருப்புப் பகுதி, இன்றைய இழிவு அதில் இல்லை. பெரிய கோயிலைச் சுற்றி நானூறு ஆடல் மகளிருக்கு வீடு கொடுத்தார்களே, அந்தத் தெருக்கள் ‘தளிச்சேரி’. தளி என்றால் கோயில். “அரை மணி நேரம்” என்றால் மணி எங்கே அடிக்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். ‘ஒரு நாழிகை’ என்று சொல்ல வேண்டும். நாழிகை 24 நிமிடம், பகலும் இரவும் சேர்ந்து 60 நாழிகை.

பையன் எந்தக் காலத்தில் விழுந்திருக்கிறான் என்பதை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ‘இது 1010-ஆ?’ என்று கேட்டுப் பயனில்லை. பட்டமேறிய ஆண்டிலிருந்துதான் எண்ணுவார்கள். விமானத்தின் உச்சிக் கலசம் ராஜராஜன் கொடுத்தது யாண்டு 25, நாள் 275. புதிய அரசன் வந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும், ஆகவே ஆண்டு மட்டும் போதாது, யாருடைய ஆண்டு என்று தெரிய வேண்டும். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள், அதிலும் குழப்பம் தீராது. மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்ப்பாட்டு; அதன் முதல் இரண்டு சொல்லைக் கேட்பதே கச்சிதமான வழி. ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் ராஜராஜன். ‘திருமன்னி வளர’ என்றால் மகன் ராஜேந்திரன். ‘புகழ்மாது விளங்க’ என்று காதில் விழுந்தால் குலோத்துங்கன் காலம், 1070-க்கு அப்புறம். பையன் அறுபது வருஷம் தள்ளி விழுந்திருக்கிறான். காட்சியின் திருப்பத்துக்கு இது நன்றாக உதவும்.

எழுத்தைப் படிக்க முயன்றால் தலை சுற்றும், அதற்கும் காரணங்கள் உண்டு. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோலவே. ‘கொல’ என்று கல்லில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொல் ஆகலாம், கோல் ஆகலாம், கொல, கோல, நடுவில் இருப்பது ரகரம் என்றால் ‘கெரல’ கூட ஆகலாம். நிலம் அளக்கும் கோலா, ஆளைக் கொல்லும் கொல்லா என்பதை முன்னும் பின்னும் வரும் சொல்தான் சொல்லும். எரியும் ஏரியும் இதே கதி. நாம் இன்று எழுதும் இரட்டைச்சுழிக் கொம்பு 18-ஆம் நூற்றாண்டில், ஏலாக்குறிச்சியில் தங்கியிருந்த வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. ஸ்ரீ, ராஜ போன்றவை கிரந்த எழுத்தில் வரும். பையனுக்கு அடையாளம் தெரிகிற எழுத்தும் இருக்கும், அவசரப்பட்டுப் படித்தான் என்றால் அதுவே மாட்டிவிடும்.

எண்ணிலும் அந்தத் தொல்லை உண்டு. ௧ என்பது க போலவும் ௨ என்பது உ போலவும் ௭, ௮ இரண்டும் எ, அ போலவும் இருக்கும். சுழியம் இடம் பிடிக்காது. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள். 275 என்பது ௨௱௭௰௫: இரண்டு நூறு, ஏழு பத்து, ஐந்து. நாம் சொல்கிற வரிசையிலேயே எழுதுகிறார்கள், பழகிவிட்டால் சுலபம்.

அளவுகளில் டெல்டா பையனுக்கு ஒரு அனுகூலம் உண்டு, மற்ற ஊர்ப் பையனுக்கு அது கிடையாது. வேலி, மா, குழி என்ற சொற்கள் அவன் தாத்தா வாயில் இன்னும் இருக்கும். இன்றைய கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. கோலின் நீளம் மாறியிருக்கும், ஆகவே பரப்பை ஒப்பிட வேண்டாம், சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். நெல்லுக்கு: 8 நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால், 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். கலத்துக்கு 96 நாழி. பெரிய கோயிலில் மரக்காலுக்கே பெயர் உண்டு, ‘ஆடவல்லான்’. மேலே சொன்ன ஆடல் மகளிருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், இந்த மரக்காலால் அளந்து.

‘முந்திரி’ என்ற சொல்லைக் கொண்டு ஒரு காட்சியே எழுதலாம். பையன் பாயசத்தில் முந்திரி போட்டிருக்கா என்று கேட்கிறான். கணக்கருக்கு முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. ‘கீழ்’ என்று ஒருமுறை முன்னால் போட்டால் அதையும் 320-ஆல் வகுக்க வேண்டும், இன்னொரு கீழ் போட்டால் இன்னொருமுறை. இப்படிக் கீழே கீழே போய், ஒரு வேலியின் 52,428,800,000-ல் ஒரு பங்குவரை சோழர் நிலக்கணக்கில் வருகிறது. அது நாற்று நடும் இடமில்லை, வரிக் கணக்கைப் பெருக்கி வகுத்ததில் விழுந்த மிச்சம்.

தின்கிற முந்திரி அங்கே கிடைக்காது. அது பிரேசில் மரம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, அன்னாசி, புகையிலை எதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இன்னும் புறப்படவில்லை. காபியும் இல்லை. காரம் என்றால் மிளகு. மிளகாய் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அரிசி, பருப்பு, நெய், தயிர், சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு எல்லாம் கோயில் செலவுக் கணக்குகளிலேயே இருக்கின்றன. பாக்கை ‘அடைக்காய்’ என்று கேட்கட்டும்.

கைச்செலவுக்குப் பையன் சட்டைப்பையில் இருக்கும் நாணயம் உதவாது, கழுத்துச் சங்கிலி உதவும். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு சுமார் 5 கிராம். உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பார்கள். ஒரு காசு கிடைத்து அதை வட்டிக்கு விட்டால் ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை. வட்டிக்கு அங்கே ‘பொலிசை’ என்று பெயர். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைப் ‘பொலி’ என்கிறோமே, அந்தச் சொல்லின் உறவு. அணையாத விளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு’ 96 கொடுத்ததாகப் பேசிக்கொண்டால் அதை மந்திர ஆடு என்று எழுதிவிடாதீர்கள். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளைக் கொண்டு இடையர் 96-ஐக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், தினம் ஓர் உழக்கு நெய் கொடுத்துவர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஆளைக் கூப்பிடும் முறை: முன்பின் தெரியாதவரை ‘நீர்’ என்றால் பிழையில்லை. ‘ராஜராஜன் எங்கே?’ என்று பையனைக் கேட்கவிடாதீர்கள். ‘உடையார்’ என்று சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரிலும் கவனம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் தெரியும். பையன் தன் ஊர் கும்பகோணம் என்றால் யாருக்கும் புரியாது, ‘திருக்குடமூக்கு’ என்றால்தான் புரியும்.

நாடகத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்வதென்றால், அவனைத் தஞ்சாவூரில் விழவைக்காமல் நாகப்பட்டினத்தில் விழவையுங்கள். தஞ்சாவூரில் விசித்திரமாகப் பேசுகிறவனை ஒற்றனோ என்று சந்தேகிக்க முடியும். நாகப்பட்டினம் துறைமுகம், கடலுக்கு அப்பால் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி அங்கே இருக்கிறது, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்திருக்கிறான். கடல்கடந்து வந்தவன் சொல் தடுமாறினால் அங்கே யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். யார் கேட்டாலும் பையன் சொல்ல வேண்டியது: “கடாரத்திலேருந்து வந்தேன்.” கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அந்த ஒரு பொய்யில் அவன் சட்டை, செருப்பு, ஜன்னல், சாவி எல்லாம் அடங்கிவிடும். அங்கிருந்து காவிரிக்கரை வழியாக மேற்கே நடந்து தஞ்சாவூர் சேர்வதற்குள் நாழியும் குறுணியும் அவன் வாயில் பழகியிருக்கும்.