அசனப் பந்தியில் முதலிடம் யாருக்கு?

கேள்வி: எங்கள் சபையில் ஆண்டுதோறும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் நிறைவு நாளில் அசனம் என்னும் சபை விருந்து நடக்கிறது. உபயதாரர்களும் வெளியூர்ப் பிரமுகர்களும் முதல் பந்தியில் அமர்கிறார்கள். அண்டா கழுவும் பெண்களும் முதியவர்களும் கடைசியாக வரும்போது கறி தீர்ந்து வெறும் குழம்புதான் மிஞ்சுகிறது. கேட்டால், “ஜெபித்துத்தானே பரிமாறுகிறோம்?” என்கிறார்கள். வேதம் என்ன சொல்கிறது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, இதே குறையைத்தான் பவுல் கொரிந்து சபையில் கண்டார். அங்கே கர்த்தருடைய பந்தி (நற்கருணை) வயிறார உண்ணும் உணவோடு சேர்ந்தே நடந்தது. சபை கூடியது வசதி படைத்தோரின் வீடுகளில். அக்கால உரோமை வீட்டின் விருந்தறையில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடமிருக்கும் என்பதால் மற்றவர்கள் முற்றத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்றும், தங்கள் நேரம் தங்கள் கையில் இல்லாத அடிமைகளும் கூலியாட்களும் பிந்தியே வந்திருப்பார்கள் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிபோதையில் இருக்கிறான்)” என்று முதலாம் கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் வருந்தும் பவுல், “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று நேராகவே கேட்கிறார். “நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்பதே அவர் சொன்ன தீர்வு.

கொரிந்தியரும் ஸ்தோத்திரம் சொல்லாமல் அப்பம் பிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே ‘ஜெபித்தாயிற்று’ என்பது உங்கள் கேள்விக்கு விடையாகாது. உணவுக்காக நன்றி சொல்பவர், இது தமக்கு அருளப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பின், ஆடு கொடுத்தவருக்கு ஓர் அளவும் அடுப்படியில் வெந்தவருக்கு வேறோர் அளவும் போட யாருக்கு உரிமை இருக்கிறது? நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் மக்களைக் கொழுமையானதைப் புசிக்கச் சொன்ன அதே வாக்கியத்தில், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பவும் சொல்லப்பட்டிருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஸ்தோத்திரம் செய்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். வந்திராதவரையும் நினைத்த சபை அது. வந்து நிற்பவரை மறப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

உபயதாரரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர் அவர் மட்டும்தானா? மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் 1910 முதல் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்துவைத்து வருகிறார்கள். அந்தப் பிடி அரிசி மிஷன் ஊழியத்தையே தாங்கியிருக்கிறது. விடியுமுன் வந்து வெங்காயம் உரித்தவரின் உழைப்பும் உங்கள் அசனத்தில் அப்படிப்பட்ட காணிக்கையே.

அடுத்த அசனத்துக்கு முன்பே உங்கள் போதகரான சேகரகுருவிடமும் கமிட்டியாரிடமும் பேசுங்கள். நடக்க இயலாதவர்களின் வீடுகளுக்கான தூக்குவாளிகள் முதல் இலை போடுமுன் புறப்படட்டும். முதல் பந்தியில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அமர, கமிட்டியார் பரிமாறட்டும். சமையல் செய்தவர்களுக்கும் பாத்திரம் துலக்குபவர்களுக்கும் உரிய கறியைத் தனிச் சட்டியில் முன்கூட்டியே எடுத்து மூடிவைத்துவிட்டு, அவர்களோடு கமிட்டியாரும் கடைசிப் பந்தியில் உட்காரலாம்.