பழைய அலமாரி, புது மெருகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. வரவேற்பறையில் ஒரு நீண்ட சுவர் வெறுமையாக இருப்பதால், வரவேற்பறைக்கு எடுப்பாக ஒரு பழங்கால அலமாரி வாங்கலாம் என்று பார்க்கிறோம். இரண்டைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குக் கண்ணாடிக் கதவு, மற்றதற்கு மரக் கதவு. இரண்டும் நூறாண்டைத் தாண்டிய ஈட்டி மரம் என்கிறார் விற்பவர். ஒன்றில் சிறிய பூச்சித் துளைகள் தெரிகின்றன. எப்படியும் வாங்கியதும் தேய்த்து இழைத்துப் புது மெருகு ஏற்றிவிடலாம் என்பது என் கணவரின் எண்ணம். பழம்பொருள் மோகமே போலிப் பெருமை என்று நண்பர் ஒருவர் கேலி செய்கிறார். வரவேற்பறைக்கு எந்தக் கதவு பொருந்தும் என்று சொல்வீர்களா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய நாள்தான் என் வீட்டு அலமாரியின் சாவித் துளைக்குக் கீழே இருந்து, நகத்தின் அளவில், ஒரு பட்டித் துண்டு உதிர்ந்து விழுந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே அப்பியது அது. அந்தத் துண்டை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் 'தேய்த்து இழைத்து' என்ற உங்கள் சொற்கள் வந்து சேர்ந்தன. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். வீட்டு அலங்காரம் எனக்குத் தெரிந்த துறை அல்ல.

நண்பரின் கேலியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன். ஈட்டி மரமா என்பதையும் விற்பவரின் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம். கருஞ்சாயம் எந்த மரத்தையும் ஈட்டியாக்கிவிடும். இழுப்பறையை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அதன் அடிப்பலகைக்குச் சாயம் பூச யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

திருப்பியதுதான் திருப்பினீர்கள், அதன் மூலைகளையும் பார்த்துவிடுங்கள். பக்கப் பலகையும் முன்பலகையும் விரல்கோத்தது போல இணையும் இடத்தைப் புறாவால் இணைப்பு என்பார்கள். கையால் வெட்டியதென்றால் ஒரு வால் அகன்றும் ஒரு வால் ஒடுங்கியும் இருக்கும். எதுவரை வெட்ட வேண்டும் என்று தச்சர் கீறிக்கொண்ட மெல்லிய கோடு இன்னும் ஓரத்தில் ஓடும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் அது இயந்திரம் வெட்டியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அப்படி வர வாய்ப்பில்லை. பின்பலகையில் வில் போல வளைந்த கீறல்கள் தெரிந்தால் வட்ட ரம்பம் ஓடியிருக்கிறது. கூட்டல் குறி போலத் தலை வெட்டிய திருகாணிக்கு ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1936இல். ஒரு கீலில் மட்டும் அது இருந்தால் பின்னால் வந்த பழுதுபார்ப்பு என்று கொள்ளலாம். எல்லாக் கீல்களிலும் அதுவே இருந்து, வேறு ஆணித் துளையின் தடமும் இல்லையென்றால், நூறாண்டுக் கதையை விற்பவரே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறு. மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்கும், ஈரம் கூடினால் விரியும். அதனால்தான் பழைய தச்சர் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு ஒட்டாமல், சட்டத்தின் உட்பள்ளத்தில் நகர இடம்விட்டு நிறுத்தினார். பல பத்தாண்டுகளில் அந்தப் பலகை உள்ளுக்குள் ஒடுங்கும்போது, இதுவரை பள்ளத்துக்குள் மறைந்திருந்த அதன் ஓரம், மெருகு படாத வெளிறிய கோடாக, ஒரு நூல் அகலத்துக்கு எட்டிப் பார்க்கும். மெருகேற்றிய கைக்கு எட்டாமலிருந்த இடம் அது. அந்தக் கோட்டைக் குறை என்று நினைத்துப் பசை ஊற்றி அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வறண்ட பருவத்தில் நகர வழியில்லாத பலகை நடுவே வெடிக்கும்.

பூச்சித் துளைக்கு அஞ்ச வேண்டியதில்லை, துளையிலிருந்து விழும் மாவுக்குத்தான் அஞ்ச வேண்டும். அலமாரிக்கு அடியில் கருப்புத் தாளை விரித்துச் சில வாரம் விட்டுவையுங்கள். தாளில் வெளிறிய பொடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஆனால் ஒன்று: துளைகளுக்குப் பதிலாக மேற்பரப்பில் வாய்க்கால் போல நீண்டு திறந்த தடங்கள் தெரிந்தால், பூச்சி குடைந்த பிறகு யாரோ அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள் அல்லது இழைத்திருக்கிறார்கள். பூச்சி வெளியேறத் துளைதான் போடும். தன் சுரங்கத்தின் கூரையைப் பிரித்துக் காட்டாது.

உங்கள் கணவர் செய்ய விரும்புவது அதைத்தான். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். நூறாண்டுப் பழமைக்கு விலை கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே அந்த நூறாண்டை உப்புத்தாளால் தேய்த்துக் குப்பையில் கொட்டுவதற்குப் பெயர் பராமரிப்பு அல்ல. பழமை என்பது மரத்தின் நடுவில் இல்லை, மேலே ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. மேலே ஒட்டியது மெல்லிய மரத்தகடு என்றால் அதன் கனமே பெரும்பாலும் அவ்வளவுதான். இயந்திரம் இரண்டு முறை ஓடினால் அடியிலுள்ள மட்டமரம் பல்லிளிக்கும். பழைய வண்ணப்பூச்சு என்றால் அதில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூளை வீட்டில் எல்லோரும் சுவாசிப்பீர்கள். பழைய மெருகு அரக்கால் ஆனதென்றால் தேய்க்கவே தேவையில்லை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்குதான். கைதேர்ந்த ஒருவர் அதே மெருகை இளக்கிப் பரப்பி உயிர்ப்பித்துவிடுவார், மரத்தில் ஒரு துகள்கூடக் குறையாது.

இதையெல்லாம் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். மேலே சொன்ன அலமாரி என் பாட்டியுடையது. அதன் சாவியைப் பாட்டி மற்ற சாவிகளோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தொங்கிய கொத்து ஊசலாடி மரத்தில் இடிக்க, ஐம்பது ஆண்டுகளில் சாவித் துளைக்குக் கீழே பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. கட்டைவிரலை வைத்தால் சரியாக அமரும். உள்ளே கூழாங்கல்லின் வழவழப்பு. அலமாரி என்னிடம் வந்தபோது அதைப் புதிது போல ஆக்கித் தரச் சொல்லி ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்து, "பூட்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது, அப்படியே விடட்டுமா?" என்று கேட்டார். அடைத்துவிடுங்கள் என்றேன். வேலையின் அவசரத்தில் இரண்டாவது வார்த்தைகூடப் பேசவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர்தான். பட்டி சாயத்தை வேறு விதமாகக் குடித்ததால் அந்த இடம் இன்றுவரை தழும்பாகத் தெரிகிறது. போன வாரம் உதிர்ந்தது அதன் ஒரு முனை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். உப்புத்தாளின் சொரசொரப்புதான் இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அலமாரி என்பது போர்த்துகீசியரிடமிருந்து நாம் வாங்கிக்கொண்ட சொல். அதன் லத்தீன் மூலத்துக்குக் கருவிகளையும் ஆயுதங்களையும் வைக்கும் இடம் என்று பொருள். உங்கள் கடிதத்தில் 'வரவேற்பறை' மூன்று முறை வருகிறது. அலமாரிக்குள் எதை வைக்கப் போகிறீர்கள் என்பது ஒரு முறைகூட வரவில்லை. துணியைத் தொங்கவிடுவதென்றால் உள்ளாழம் ஏறத்தாழ 55 சென்டிமீட்டராவது வேண்டும், பழைய அலமாரிகள் பலவற்றில் அது இராது. புத்தகம் என்றால் தட்டின் கனத்தையும் நீளத்தையும் பார்க்க வேண்டும். வெயில் படும் சுவர் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் நிறம் நிற்காது. என்ன வைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், கதவைப் பற்றிப் பிறகு பேசலாம்.