லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த டாங்கிள்?

கேள்வி: என் லேப்டாப்பில் லினக்ஸ் வகையான உபுண்டு போட்டிருக்கிறேன். எங்கள் கிராமத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. சிம் போட்டு நெட் எடுக்கும் யுஎஸ்பி டாங்கிள் கேட்டால், "இது விண்டோஸுக்கு மட்டும்தான் சார்" என்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவர் தன் பழைய 3ஜி டாங்கிளை 300 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த 300 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஜியோவில் 3ஜி என்றைக்குமே இருந்ததில்லை. ஏர்டெல் 2019-இல் மூடத் தொடங்கி, முடித்தும் விட்டது. மிஞ்சினால் ஏர்டெல் 2ஜியில் ஊர்ந்து போகலாம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெட்டியில் இருப்பதைப் படிக்கிறார். பல டாங்கிள்கள் செருகியதும் தங்களை மோடம் என்று சொல்லாமல் சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும். அதற்குள் விண்டோஸ் மென்பொருள் இருக்கும். அதுதான் இந்த வேஷத்தைக் கலைக்கும். லினக்ஸில் அந்த வேலைக்கு 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற இலவச நிரல் இருக்கிறது. உபுண்டுவில் பெரும்பாலும் கூடவே வரும். இல்லையென்றால் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டாங்கிள் ஓட வேண்டும்! அன்றைக்கு மட்டும் போனில் யுஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தருவது) போட்டுக்கொள்ளுங்கள். (தினமும் அரைமணி நேரம்தான் நெட் தேவை என்றால் அந்த டெதரிங்கே போதும், டாங்கிள் செலவு வேண்டாம்.)

சரி, எதை வாங்குவது? ஹுவாவே இ3372-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே பெயரில் இரண்டு வகை: கடைசியில் 'எச்' இருப்பதும், 'எஸ்' இருப்பதும். 'எச்' உள்ளுக்குள் ஒரு குட்டி ரூட்டர். லேப்டாப் அதை நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், பிரவுசரில் 192.168.8.1 போட்டால் அமைப்புகள் வந்துவிடும். 'எஸ்' பழைய பாணி. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பில் மொபைல் பிராட்பேண்டுக்குப் போய், ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் நெட் இணைப்புப் பெயர்) கொடுத்து இணைக்க வேண்டும். என் ஓட்டு 'எச்'சுக்கு. ஆனால் ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டியது வேண்டாம். பேண்டையும் (அலைவரிசை எண்) பாருங்கள்: ஜியோவின் 4ஜி 3, 5, 40-இல் ஓடுகிறது, வெளிநாட்டுக்குச் செய்த டாங்கிள்களில் 40 இல்லாமல் போகலாம்.

லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப் போங்கள். டாங்கிளைச் செருகி, டெர்மினலில், செருகிய யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) கட்டளையைச் சில நொடி விட்டு இரண்டு தடவை கொடுங்கள். 'எச்' என்றால் பட்டியலில் 1எஃப்01 (1f01) என்றிருந்த டாங்கிளின் அடையாள எண் சில நொடியில் 14டிசி (14dc) ஆக மாற வேண்டும். மாறினால் வேஷம் கலைந்தது, பில் போடச் சொல்லலாம். செருகவே விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.