சோடாபுட்டிக்கு விடுதலை உண்டா?

கேள்வி: என் கண்ணாடி பவர் மைனஸ் 9. ஓரம் தடிமனாக இருப்பதால் பள்ளியிலிருந்தே 'சோடாபுட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத தூண்களால் ஆன தட்டை லென்ஸ் வந்துவிட்டதாமே, அது கண்ணாடிக் கடைக்கு எப்போது வரும்?
– கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: இப்போதைக்கு வராது மகளே. கல்லூரியில் ஒளியியல் நடத்தியவன் என்பதால், ஏன் வராது என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும். உன் லென்ஸில் ஓரம் கனம், நடு மெலிசு. ஓரமாகப் போகும் ஒளி கூடுதலாகத் தாமதிப்பதால்தான் கதிர்கள் விரிகின்றன. அந்தத் தாமதத்துக்காகத்தான் அத்தனை கனமும்.

2016இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபெடரிகோ கபாசோவின் குழு அந்தக் கனத்தையே விலக்கிவிட்டது. சுவர் பெயின்டுக்கு வெண்மை தருகிற டைட்டானியம் டை ஆக்சைடில் 600 நானோமீட்டர் உயரத் தகடுகளை, அதாவது நீ கேட்ட தூண்களை, நிறுத்தினார்கள். எல்லாம் ஒரே அளவு. திருப்பி வைத்த கோணம் மட்டும் வேறு வேறு. ஒளி அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, மாற்ற அந்தக் கோணமே போதுமாக இருந்தது! கனமான கண்ணாடி தாமதத்தால் செய்கிற வேலையும் இதுதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

அந்த லென்ஸ் கால் மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. ஆனால் 2024இல் அதே குழு 10 செ.மீ. அகலக் கண்ணாடியில் 1,870 கோடி தூண்களைச் செதுக்கி, நிலவையும் சூரியனையும் படம் எடுத்தது. ஆக, அளவு தடையில்லை.

நிறம்தான் தடை. அந்தப் பெரிய லென்ஸ் குறிப்பிட்ட ஒரு சிவப்புக்காகச் செய்தது. இந்த வகை லென்ஸில் மற்ற நிறங்கள் வேறு வேறு தூரத்தில் குவியும், அதுவும் சாதாரண லென்ஸுக்கு நேர்மாறாக: சிவப்பு முன்னால், நீலம் பின்னால். உன் கண்ணுக்கோ எல்லா நிறமும் வேண்டும். நிறப்பிழை நீக்கிய தட்டை லென்ஸை 2018இல் செய்து காட்டினார்கள். அதுவும் பொடி அளவில்தான். ஒரே அலைநீளம் போதும் என்கிற இடத்தில், அதாவது அகச்சிவப்பு லேசரால் தூரம் அளக்கும் சென்சார்களில், இது ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

சரி, உன் விஷயம். கடையில் 1.67 அல்லது 1.74 இன்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்) லென்ஸ் கேள்; அந்த எண் கூடினால் ஓரம் மெலியும். ஃப்ரேம் சின்னதாக, உன் கண்மணி நடுவில் விழுவதுபோல இருக்கட்டும்; பெரிய ஃப்ரேம் எடுத்தால் தடித்த ஓரமும் சேர்ந்து வரும். அப்புறம், மைனஸ் 6ஐத் தாண்டியவர்கள் விழித்திரையைத் தவறாமல் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடு.