சித்திரை, வைகாசி வானம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "வசந்தகால வானம்" என்று ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள படத்தை வைத்துக்கொண்டு துருவ நட்சத்திரத்தைத் தேடுகிறேன். படத்தில் அது பாதி வானத்துக்கும் மேலே நிற்கிறது. இங்கே அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. படம் பிழையா, என் கண் பிழையா?
(உப்புவெளி வாசகர்)

பதில்: இரண்டும் சரிதான். அந்தப் படம் லண்டன் பக்கத்து வானத்துக்கு வரைந்தது. ஓர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் 51½, திருகோணமலையில் 8½. கையை நேரே நீட்டி விரல்களை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நம் துருவ நட்சத்திரம் அந்த ஒரு முட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவு தாழ்வில் காற்று தடிப்பாக இருக்கும், உப்புப் புகாரும் சேரும். மீன்பிடிப் படகு ஒன்று விளக்கோடு அந்தப் பக்கம் நின்றால் அன்றைக்கு நட்சத்திரத்தை மறந்துவிடலாம்.

வடக்கு திறந்த இடம் வேண்டும். நிலாவெளிக் கரையில் நின்றால் நேர் வடக்கு கடல்தான். மே நடுவில் இரவு 9 மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பைபோல, காம்பு வலப்பக்கம் நீள நிற்கும். அகப்பைக் கிண்ணத்தின் இடது ஓரத்து இரண்டு நட்சத்திரங்களை மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து, அந்த நீளத்தைப் போல் ஐந்து மடங்கு கீழே இறங்குங்கள். தனியாக மங்கலாக ஒன்று நிற்கும். அதுதான்.

வான வட்டு (நாளையும் நேரத்தையும் பொருத்திச் சுழற்றினால் அப்போதைய வானத்தைக் காட்டும் அட்டை) வாங்குவதானால் 10 பாகை வடக்குக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். கைபேசியில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலி இருந்தால் இடத்தை 8.57 வடக்கு, 81.23 கிழக்கு என்று கொடுங்கள். இரும்புக் கம்பி வேலி, வாகனம் பக்கத்தில் நின்றால் கைபேசியின் திசைகாட்டி பொய் சொல்லும். பத்து அடி தள்ளி நின்று பாருங்கள்.

கேள்வி: கலியாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்கள். பகலில் எங்கே தெரியும்? இரவிலாவது வெறுங் கண்ணுக்குத் தெரியுமா?
(மூதூர் வாசகி)

பதில்: பகலில் காட்டுவது திசையை மட்டும்தான். இரவில் நன்றாகவே தெரியும். சப்தரிஷியின் காம்பில் மூன்று நட்சத்திரங்கள். அவற்றில் நடுவில் இருப்பது வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அதுதான் அருந்ததி. சங்கப் பாடல்கள் வடமீன் என்பதும் இதையே. இரண்டுக்கும் இடைவெளி முழுநிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். சாதாரணப் பார்வை போதும். தெரியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் காம்பின் நுனி நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறு தொலைநோக்கி வைத்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். அதைக் கலியாண வீட்டில் சொல்ல வேண்டாம்.

இனி அருந்ததியோடு நின்றுவிடாதீர்கள். மே 15 அளவில் இரவு 10 மணிக்கு வசிட்டர் நேர் வடக்கில், நாலு முட்டிக்குச் சற்று மேலே நிற்பார். அங்கிருந்து உச்சியைத் தாண்டித் தெற்கே இறங்குங்கள். உச்சி தாண்டி இரண்டு முட்டியில் நீல வெள்ளையாக ஒரு நட்சத்திரம்: சித்திரை. சித்திரா பௌர்ணமியன்று முழுநிலா இதன் பக்கமாக நிற்பதால்தான் மாதத்துக்கும் அந்தப் பெயர். அதே கோட்டில் இன்னும் மூன்றரை முட்டி இறங்கினால் துடைத்தும் போகாத அழுக்குப் புள்ளிபோல ஒரு "நட்சத்திரம்". அது ஒமேகா சென்ட்டோரி. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு கோடி நட்சத்திரம் அளவுக்குத் திரண்ட கொத்து. 7×50 பைனாகுலரில் பஞ்சு உருண்டையாகத் தெரியும். 100 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் ஓரத்திலிருந்து மணி மணியாகப் பிரியத் தொடங்கும். இங்கே அது 34 பாகை உயரம் ஏறுகிறது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. அந்தப் புத்தகத்தில் இது ஏன் இல்லை என்று இப்போது விளங்கும்.

மூன்றும் இப்படி ஒரே கோட்டில் நிற்கும் நேரம் நாளுக்கு 4 நிமிடம் முந்தும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, ஜூன் நடுவில் இரவு 8 மணி.

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம், இரவு 9 மணி. தெற்கே சிலுவை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கவேண்டிய வழிகாட்டி நட்சத்திரங்கள் இரண்டையும் காணவில்லையே?
(திருகோணமலை நகர் வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்தது போலிச் சிலுவை, அதாவது தென்சிலுவைபோலவே தோன்றும் வேறு நாலு நட்சத்திரங்கள். அந்த நேரத்தில் அது தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் நிற்கும். உண்மைச் சிலுவை அப்போது மூதூர்த் திசையில், அதாவது தெற்குக்குச் சற்றுக் கிழக்கே, ஒரு முட்டிக்குச் சற்று மேலே, இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கும். போலி பெரியது, மங்கலானது. உண்மைச் சிலுவை சிறியது, 6 பாகை நீளம்தான். தலை நட்சத்திரம் செம்மஞ்சள். நிமிர்ந்து நிற்கும்போது வலது கைக்கும் காலுக்கும் நடுவே ஐந்தாவதாக ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். இடப்பக்கம் வழிகாட்டிகள் இரண்டும் பின்தொடரும். மே நடுவில் 9 மணிக்கு அது நிமிர்ந்து நிற்கும். அப்போது அதன் கால் காட்டுவது நேர் தெற்கு.

கேள்வி: பைனாகுலரை வெளியே எடுத்தவுடன் கண்ணாடி பூத்துவிடுகிறது. துடைத்தால் கீறல்.
(கிண்ணியா வாசகர்)

பதில்: ஏசி அறையில் வைத்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரக்காற்று பட்டால் நீர் படியத்தான் செய்யும். பைக்குள் மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வையுங்கள். கீறலுக்குக் காரணம் கடல் உப்பும் மணலும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மென்துணியில் இரண்டு சொட்டு வடித்த நீர் விட்டு உப்பைக் கரைத்து ஒற்றி எடுங்கள். உடுத்திய சாரத்தின் நுனி ஆகவே ஆகாது.

கேள்வி: எரிகல் பொழிவு எப்போது?
(நிலாவெளி மாணவி)

பதில்: மே 5, 6, 7 அதிகாலை. ஹேலி வால்வெள்ளி விட்டுச்சென்ற தூசு, விநாடிக்கு 66 கிலோமீற்றர் வேகத்தில் வந்து எரிவது. பொழிவு கும்ப ராசிப் பக்கமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து கிளம்பும். கிழக்கே கடல் உள்ள நமக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. முதலில் கலண்டரில் வெசாக் போயாவை (மே மாத முழுநிலா நாளை) பாருங்கள். போயா அந்த நாட்களை ஒட்டி வந்தால் நிலா வெளிச்சத்தில் பாதி அழிந்துவிடும். 3 மணிக்குக் கரைக்கு வாருங்கள். கண் இருளுக்குப் பழக அரை மணி ஆகும். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள், கைபேசியை எடுக்காதீர்கள். கால் கடற்பக்கம் இருக்கப் பாயை விரித்துப் படுத்து, கடலுக்குமேல் பாதி வானத்தை 4½ மணிவரை பாருங்கள். அதன் பிறகு கீழ்வானம் வெளுத்துவிடும்.